முறுக்கமா, திருப்பமா, முறுக்குவிசையா? 'டோர்க்' என்ற சொல்லின் பொருளும் பிறப்பும்

இலங்கை உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் தமிழில் படிக்கிற ஒரு தங்கச்சி கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருக்கிறார்: பௌதிகவியல் குறிப்பில் 'முறுக்கம்' என்று இருக்கிறது, இணைந்த கணித வகுப்பில் 'திருப்பம்' என்கிறார்கள், தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'திருப்புவிசை', காணொளிகளில் 'முறுக்குவிசை', அண்ணா வாங்கப் பார்க்கிற காரின் விபரத்தாளில் வெறும் 'டோர்க்'. இதெல்லாம் ஒன்றா, வேறு வேறா? அந்த டோர்க் என்ற சொல் எங்கேயிருந்து வந்தது?

எல்லாம் ஒரே குடும்பம்தான் தங்கச்சி. பெரும்பாலான கணக்குகளில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தாலும் விடை மாறாது. ஆனால் இந்த விடயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 'முறுக்கம்' என்பதுதான் நல்ல சொல், அதன் பின்னால் 'விசை'யைக் கொண்டுவந்து ஒட்டக்கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்குப் பொருளில் தொடங்கி, லத்தீன் வரைக்கும் போய், பிறகு நம்முடைய தமிழுக்கு வரவேண்டும். நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் பொருள். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஏதாவது ஒரு கராஜில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கார் ஜாக்கில் நிற்கும், சில்லைக் கழற்ற வேண்டும், நட்டு துருப்பிடித்து இறுகிப்போய்க் கிடக்கும். பையன் ஸ்பேனரைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்துவான், ஒரு அசைவும் இருக்காது. அப்புறம் பாஸ் வந்து, ஒன்றும் பேசாமல், மூலையில் கிடக்கிற இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனரின் கைப்பிடியில் செருகிவிட்டு, அதன் நுனியில் அழுத்தச் சொல்வார். 'கிறீச்' என்று ஒரு சத்தம், நட்டு இளகிவிடும். பையனுடைய பலம் இதற்குள் கூடிவிடவில்லை. முதலில் எந்த விசையைக் கொடுத்தானோ அதே விசையைத்தான் இரண்டாவது தடவையும் கொடுத்தான். 40 கிலோ நிறையைத் தொங்கவிட்டது மாதிரி என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 400 நியூற்றன். ஸ்பேனர் 25 சென்ரிமீற்றர் நீளம் என்றால் நட்டில் விழுந்தது 100 நியூற்றன் மீற்றர். குழாயோடு சேர்ந்து 75 சென்ரிமீற்றர் ஆனதும் 300 நியூற்றன் மீற்றர். விசை மாறவில்லை, முறுக்கம் மூன்று மடங்காகிவிட்டது.

ஆக, முறுக்கம் என்பது விசையைச் சுழற்சி அச்சிலிருந்து அந்த விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கி வருவது. 'செங்குத்து' என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள், பாதிப் பேர் பரீட்சையில் புள்ளியை இழப்பது அங்கேதான். ஸ்பேனரின் கைப்பிடிக்கு நேர் செங்குத்தாக அழுத்தினால் முழு நீளமும் பயன்படும். கைப்பிடியோடு 30 பாகை வருகிற மாதிரிச் சரித்து அழுத்தினால் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் சைன் 30 அரை. கைப்பிடியின் நீளவாட்டிலேயே நட்டை நோக்கித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் சூனியம். விசை இருக்கிறது, முறுக்கம் இல்லை. இந்தக் கடைசி வசனத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு வேலைக்கு வரும்.

அதே கராஜில் இன்னொரு விடயமும் உண்டு. கழற்றுவதற்குக் குழாய் சரி, பூட்டுவதற்குக் குழாய் கூடாது. சின்னக் கார்களின் சில்லு நட்டுக்கு உற்பத்தியாளர்கள் கொடுக்கிற அளவு 100 நியூற்றன் மீற்றரை ஒட்டித்தான் இருக்கும், டொயோட்டாவின் பல கார்களில் 103. டோர்க் ரெஞ்ச் என்ற கருவியை அந்த அளவில் வைத்து இறுக்கினால், அளவு வந்ததும் கையில் 'டிக்' என்று ஒரு உதறல் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். உண்மையில் நமக்குத் தேவைப்படுவது முறுக்கமும் இல்லை. நட்டு இறுகும்போது ஆணி மிக மெல்லியதாக நீளும், அந்த இழுவைதான் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுவைக்குப் போகிறது, மிச்சம் முழுக்க நட்டின் அடியிலும் புரியிலும் உராய்வோடு போய்விடுகிறது. அதனால்தான் புரியில் எண்ணெய் பூசிவிட்டு அதே 103க்கு இறுக்கினால் ஆணி அளவுக்கு மேலே நீண்டு, ஒருநாள் முறிந்தும் போகலாம். யாராவது 'கிறீஸ் போட்டு நல்லா டைட் பண்ணிவிட்டேன்' என்று சொன்னால், மறுபடியும் கழற்றித் துடைத்துவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள்.

அண்ணாவின் காருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். விபரத்தாளில் வலு ஒரு எண்ணாகவும் டோர்க் இன்னொரு எண்ணாகவும் இருக்கும். எஞ்சின் தண்டு எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பது டோர்க். அதை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதோடு பெருக்கினால் வருவது வலு. நிமிடத்துக்கு 3000 சுற்றில் 100 நியூற்றன் மீற்றர் தருகிற எஞ்சினும், 1500 சுற்றில் 200 நியூற்றன் மீற்றர் தருகிற எஞ்சினும் அந்தந்த வேகத்தில் ஒரே வலு, சுமார் 31.4 கிலோவாற்று. ஆனால் மாவனல்லை கழிந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் சாமான் ஏற்றிய லொறிக்குப் பின்னால் போயிருந்தால் வித்தியாசம் தெரியும். குறைந்த சுற்றிலேயே நிறைய முறுக்கம் தருகிற டீசல் எஞ்சின் அலறாமல் ஏறும், மற்றது கியரை இறக்கி இறக்கிச் சுற்றைக் கூட்டினால்தான் ஏறும். கியர் பெட்டியின் வேலையே அதுதான், வேகத்தைக் கொடுத்து முறுக்கத்தை வாங்குவது. மின்மோட்டர் இன்னும் ஒரு படி மேலே. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கத்தையும் கொடுக்கும். முதலாவது நிஸான் லீஃப் கார் வெறும் 80 கிலோவாற்றுக்கு 280 நியூற்றன் மீற்றர் தந்தது, வெளிச்சம் பச்சை விழுந்தவுடன் அது பாய்கிற பாய்ச்சலுக்குக் காரணம் அதுதான். ஆகவே அண்ணாவை டோர்க் எவ்வளவு என்று மட்டும் பார்க்க வேண்டாம், எத்தனை சுற்றில் என்று பக்கத்தில் போட்டிருக்கிற எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இனிச் சொல்லுக்கு வருவோம்.

லத்தீனில் 'டோர்க்குவேரே' என்றொரு வினை. முறுக்குதல், திருகுதல், வளைத்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். இதன் உறவு சமஸ்கிருதத்திலும் உண்டு, நூல் நூற்கும் கதிருக்கு அங்கே 'தர்க்கு' என்று பெயர். ஆக, பஞ்சையோ மயிரையோ முறுக்கி நூலாக்கிய பழைய கைவேலையோடு சேர்ந்து வந்த வேர் இது. அந்த வினையிலிருந்து லத்தீனில் 'டோர்க்குவெஸ்' என்று ஒரு பெயர்ச்சொல் வந்தது. அதற்கு அர்த்தம் கழுத்தணி. சும்மா கழுத்தணி இல்லை, பொன் கம்பிகளை முறுக்கிச் செய்து, முன்பக்கம் திறந்து, இரண்டு முனையிலும் குமிழ் வைத்த கெட்டியான வளையம். கெல்ற்றிய இனத்தாரின் தலைவர்களும் வீரர்களும் அணிந்தது. ரோமில் கப்பிட்டோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிற, விழுந்து சாகும் 'கோல்' வீரனின் (ரோமர் கெல்ற்றியருக்கு வைத்த பெயர் அது) சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உடம்பில் துணி கிடையாது, கழுத்தில் மட்டும் அந்த முறுக்கு வளையம். கி.மு. 361இல் டைட்டஸ் மான்லியஸ் என்ற ரோம இளைஞன் ஒரு கோல் வீரனைத் தனிச்சண்டையில் கொன்று, அவன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான், அதனால் 'டோர்க்குவாட்டுஸ்' என்ற பட்டப்பெயர் அவனுக்கும் அவன் பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார்.

அப்படியொரு வளையம் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்த்தால் சொல்லின் பொருள் கண்ணுக்கே தெரியும். இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் ஸ்னெற்றிஷாம் என்ற ஊரில் 1950இல் வயலை உழும்போது ஒன்று கிடைத்தது, இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னும் வெள்ளியும் கலந்தது, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு மில்லிமீற்றர்கூட வராத தடிப்பில் 64 கம்பிகள். எட்டெட்டாக எடுத்து முறுக்கி எட்டு வடங்கள், பிறகு அந்த எட்டு வடங்களையும் ஒன்றோடொன்று முறுக்கி ஒரே வளையம். முறுக்குக்குள் முறுக்கு. நம் செட்டியார் தெரு நகைக்கடையில் போய் முறுக்குச் செயின் கேட்டால் எடுத்து வைப்பார்களே, அதன் செய்முறையும் கம்பியை முறுக்குவதுதான், பெயரும் அந்தச் செய்முறையின் பெயர்தான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் லத்தீன்காரர் செய்ததும் அதே பெயரிடல்.

டோர்க்குவேரேயின் பிள்ளைகள் நம் வாயிலும் தினமும் புழங்குகிறார்கள், தெரியாமலே. மின்வெட்டுக்கு 'டோர்ச்' எடு என்கிறோம். அந்த டோர்ச் முதலில் முறுக்கிய நாரை மெழுகிலோ நிணத்திலோ தோய்த்து எரித்த தீப்பந்தம், முறுக்கியது என்பதுதான் பெயருக்குக் காரணம். 'டோர்ச்சர் பண்ணாதே' என்கிறோம். அது உடம்பை முறுக்கி வதைப்பது. மிரட்டிப் பணம் பறிப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'எக்ஸ்டோர்ஷன்' முறுக்கிப் பிழிந்து வெளியே எடுப்பது. இரசாயனக் கூடத்தில் கழுத்து வளைந்த 'ரிட்டோர்ட்' குடுவையும் அதே வேர், ஆங்கிலச் சட்டத்தில் தீங்குக்கான 'டோர்ட்' என்ற சொல்லும் அதே வேர், நேராக இல்லாமல் கோணலானது என்ற பொருளில். நாஸ்டர்ஷியம் என்ற செடியின் பெயருக்கு நேர் அர்த்தம் 'மூக்கை முறுக்குவது', அவ்வளவு காரம்.

இப்போது தமிழில் இதே வரிசையை வைத்துப் பாருங்கள். பஞ்சை முறுக்கினால் விளக்குத் 'திரி'. கயிறு 'திரி'க்கிறோம், இல்லாததைச் சொன்னால் 'கயிறு திரிக்கிறான்' என்கிறோம். உளுந்து உடைக்கத் 'திருகை', தோட்டுக்குத் 'திருகாணி', வயிற்றில் 'திருகுவலி', ஆள் நேர்மையில்லை என்றால் 'திருகுதாளம்'. ஒரு பொருளுக்குப் பல சொல்லாகவும் பல பொருளுக்கு ஒரு சொல்லாகவும் வருவதைத் தொல்காப்பியம் 'திரிசொல்' என்று வகை பிரிக்கிறது. மறுபக்கம் முறுகு, முறுக்கு. நூல் அளவுக்கு மேல் முறுகிப்போகும், தோசை 'முறுகலாக' இருக்கும், இளவட்டத்துக்கு 'முறுக்கு' ஏறும், சொந்தக்காரர் 'முறுக்கிக்கொண்டு' போவார், இரண்டு கட்சிகளுக்கு இடையில் பிரச்சினை என்றால் நம்மூர்ப் பத்திரிகைகள் 'முறுகல் நிலை' என்று தலைப்புப் போடும். விளக்கு, வதை, கோணல், வஞ்சகம், இறுக்கம் என்று லத்தீன்காரர் போன அதே தெருக்களில் தமிழும் தன்பாட்டில் நடந்திருக்கிறது. இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு 'டோர்க் தமிழிலிருந்து போன சொல்' என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். இரண்டும் இரண்டு மொழிக் குடும்பம். எங்கே பிறந்தாலும் மனிதர் நாரை எடுத்து முறுக்கியிருக்கிறார்கள், அந்த அனுபவத்திலிருந்து சொற்கள் கிளைத்திருக்கின்றன. எனக்கு அது கடன் வாங்கிய கதையைவிடப் பெரிய விடயமாகப் படுகிறது.

ஆனால் இவ்வளவு பழைய வேர் இருந்தும், பௌதிகவியலில் டோர்க் என்ற சொல் வயதில் இளையது. 1884க்கு முன்னால் நெம்புகோல் பற்றியும் சில்லுகள் பற்றியும் எழுதியவர்கள் யாரிடமும் இந்தச் சொல் கலைச்சொல்லாக இல்லை. ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்து தராசும் நெம்புகோலும் தெரியும், அதற்கான கணக்கும் தெரியும். அந்தக் கணக்குக்கு ஐரோப்பியர் வைத்திருந்த பெயர் 'மொமென்ட்', நாம் 'திருப்பம்' என்பது. லத்தீனில் 'மொமெண்டும்' என்றால் தராசைச் சரிக்கப் போதுமான சிறு பாரம் என்றும் அர்த்தம். ஒரு கணப்பொழுதை ஆங்கிலத்தில் மொமென்ட் என்பதும் அந்தச் 'சிறு அளவு' என்ற எண்ணத்திலிருந்து வந்ததுதான். பிறகு 1803இல் பிரான்ஸில் லூயி புவான்சோ என்ற 26 வயது இளைஞர், சமமும் எதிர்த்திசையும் ஆன, ஒரே கோட்டில் இல்லாத இரண்டு விசைகளைச் சேர்த்து ஒரு தனிப்பொருளாக எடுத்து அதற்கு 'கப்பிள்' என்று பெயர் வைத்தார். நாம் 'இணை' என்கிறோம். இரண்டு விசையும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் பொருள் எந்தப் பக்கமும் நகராது, திரும்ப மட்டும் செய்யும். தண்ணீர்க் குழாயின் பிடியை இரண்டு விரலால் திருகுவது அதுதான்.

மொமென்ட் இருக்கிறது, இணை இருக்கிறது, இன்னொரு சொல் எதற்கு? காரணம் டைனமோவும் மின்மோட்டரும். நெம்புகோலில் விசை எந்த இடத்தில் விழுகிறது, அச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்று விரலால் தொட்டுக் காட்டலாம். மோட்டரின் தண்டில் அப்படி எதைத் தொட்டுக் காட்டுவது? காந்தப்புலம் சுருளைச் சுற்றிலும் நூறு இடத்தில் தள்ளுகிறது, வெளியே தெரிவது ஒரு தண்டு திரும்புவது மட்டும். தண்டு எவ்வளவு பலமாகத் திரும்பப் பார்க்கிறது என்பதை ஒற்றை அளவாகச் சொல்ல ஒரு ஒற்றைச் சொல் தேவைப்பட்டது. அதை முன்வைத்தவர் என்று சொல்லப்படுபவர் ஜேம்ஸ் தொம்சன், பெல்பாஸ்ட்டில் பிறந்து, அங்கேயும் பிறகு கிளாஸ்கோவிலும் பொறியியல் பேராசிரியராக இருந்தவர், கெல்வின் பிரபுவின் அண்ணன். 1884 ஏப்ரலில் சொல் அச்சில் வந்தது. அதே வருடம் சில்வேனஸ் தொம்ப்சன் (பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, ஆள் வேறு) டைனமோ இயந்திரங்கள் பற்றி எழுதிய பாடநூலில் இதை எடுத்தாண்டு, மின்பொறியியல்காரர் மத்தியில் நிலைநாட்டிவிட்டார். அவர் சொன்ன நியாயத்தின் சாரம் இதுதான்: விசை என்பது நேர்கோட்டில் நகர்த்துவது அல்லது நகர்த்தப் பார்ப்பது, அதுபோல டோர்க் என்பது ஒரு அச்சைச் சுற்றித் திருக்குவது அல்லது திருக்கப் பார்ப்பது. 'இவ்வளவு விசை, இவ்வளவு கைநீளம்' என்று இரண்டு துண்டாக நினைப்பதைவிடத் தண்டுக்குக் கொடுக்கும் ஒரே முறுக்கு என்று நினைப்பது எளிது. கொழும்பில் 1899இல் மின்சார ட்ராம் ஓடத்தொடங்கியபோது, கோட்டையிலிருந்து பொரளைப் பக்கமும் கிராண்ட்பாஸ் பக்கமும் போன அந்த வண்டிகளின் மோட்டர்களை விவரிக்க இந்தச் சொல் ஏற்கெனவே பொறியியலாளர் கையில் இருந்தது.

கவனித்தீர்களா, அந்தச் சொல்லை உருவாக்கியவர்கள் அதை 'ஒரு வகை விசை' என்று சொல்ல உருவாக்கவில்லை. விசைக்குப் பக்கத்தில், விசைக்குச் சமமான தகுதியோடு, சுழற்சிக்கென்று ஒரு தனி அளவு வேண்டும் என்றுதான் உருவாக்கினார்கள். நேர்கோட்டில் விசை சமன் திணிவு தர ஆர்முடுகல், சுழற்சியில் முறுக்கம் சமன் சடத்துவத் திருப்பம் (திணிவின் இடத்தில் நின்று, சுழற்சி மாறுவதை எதிர்க்கிற அளவு) தர கோண ஆர்முடுகல். இரண்டு சமன்பாட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், விசை இருக்கும் இடத்தில் முறுக்கம் நிற்கிறது. தங்கச்சி, என் பிடிவாதத்துக்குக் காரணம் இதுதான். 'முறுக்குவிசை', 'திருப்புவிசை' என்று எழுதினால் படிக்கிற பிள்ளை அதை விசைகளில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, விசை வரிப்படத்தில் இன்னொரு அம்புக்குறியாகப் போட்டு, நியூற்றனோடு நியூற்றன் மீற்றரைக் கூட்டப் பார்க்கும். படிப்பிக்கும்போது இந்தப் பிழையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஸ்பேனரை அதன் நீளவாட்டில் தள்ளியபோது விசை இருந்தது, முறுக்கம் இருக்கவில்லை. இணையில் இரண்டு விசையும் கழிந்து சூனியமாகிறது, முறுக்கம் மிஞ்சுகிறது. ஒன்று இல்லாமல் மற்றது இருக்கக்கூடிய இரண்டு கணியங்களுக்கு ஒரே பெயரின் வாலைக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்கிற உதவி ஆகாது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டோர்க்குக்குத் 'திருப்புவிசை', மொமென்ட்டுக்குத் 'திருப்புத்திறன்', இணைக்கு 'இரட்டை' என்று இருக்கும். அங்கே வலுவுக்கும் 'திறன்' என்றுதான் பெயர். அதனால் திருப்புத்திறன் என்பதை முதல் தடவை படிக்கிற ஒருவர் அது வாற்றில் அளக்கிற ஏதோ என்று நினைக்க இடமிருக்கிறது. நம் இலங்கைப் பக்கத்தில் வலு வேறு, திருப்பம் வேறு, முறுக்கம் வேறு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேர். தமிழ்நாட்டில் அவ்வளவு பெரிய அளவில் தமிழில் அறிவியல் எழுதுகிறார்கள், அவர்களுடைய பல சொற்கள் நம்முடையதைவிட அழகானவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பௌதிகவியலைவிட இயற்பியல் நல்ல தமிழ். ஆனால் இந்தக் குறிப்பிட்ட இடத்தில் நம் பாடநூற்சொல்லைக் கைவிட வேண்டாம் என்கிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மேலை மருத்துவம் படிப்பித்து நூல்கள் வெளியிட்ட காலத்திலிருந்து இந்த மண்ணில் கலைச்சொல் ஆக்குகிற வேலை நடந்துகொண்டிருக்கிறது, அதில் நன்றாக அமைந்த சொற்களை நாமே பாவித்தால்தான் அவை உயிரோடு இருக்கும்.

சிங்கள மொழிமூலப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. அவர்கள் மொமென்ட்டைக் 'கூர்ணய' என்பார்கள், டோர்க்கை 'வியாவர்த்தய' என்பார்கள், இரண்டும் சுழலுதல், திரும்புதல் என்ற பொருள் தருகிற சமஸ்கிருதச் சொற்களிலிருந்து எடுத்தவை. இந்தியில் டோர்க்குக்கு 'பலாகூர்ண', அதாவது பலத்தோடு சேர்த்த சுழற்சி. அங்கேயும் விசை உள்ளே வந்துவிட்டது, சிங்களத்தில் வரவில்லை.

இனி, எந்த இடத்தில் எதை எழுதுவது? ஒரு தனி விசை ஒரு புள்ளியைப் பற்றித் திருப்பப் பார்க்கும்போது, அது உண்மையில் திரும்பினாலும் சரி, சுவரில் சாய்ந்த ஏணி மாதிரி அசையாமல் நின்றாலும் சரி, 'திருப்பம்' என்று எழுதுங்கள். இணைந்த கணிதத்தில் நிலையியல் பகுதி முழுக்க இதுதான் வரும். பொருள் சுழல்கிறது, கோண ஆர்முடுகல் கேட்கிறார்கள், தண்டு, மோட்டர், சக்கரம், பறப்புச்சில்லு என்று வருகிறது என்றால் 'முறுக்கம்'. பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குப் போனால் வித்தியாசம் இன்னும் கறாராகும். தீராந்தியை (உத்திரத்தை) வளைப்பது மொமென்ட், தண்டைத் தன் அச்சிலேயே முறுக்குவது டோர்க். அமெரிக்கப் பௌதிகவியல் நூல்கள் இந்தப் பாகுபாட்டைக் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் டோர்க் என்றே எழுதிவிடும், குழம்ப வேண்டாம். 'முறுக்கல்' என்று வந்தால் அது வேறு. ஒரு முனையை இறுகப் பிடித்துக்கொண்டு மறு முனையைத் திருப்பும்போது கம்பி உருத்திரிகிறதே, அந்த விகாரம். 1798இல் கவெண்டிஷ் ஈயக் குண்டுகளுக்கு இடையில் உள்ள ஈர்ப்பை அளந்தது ஒரு மெல்லிய கம்பியின் முறுக்கலை வைத்துத்தான்.

அலகைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பொருளோடு சேர்ந்தது. முறுக்கத்தின் அலகு நியூற்றன் மீற்றர். வேலையின் அலகும் நியூற்றன் தர மீற்றர்தான், ஆனால் அதற்கு யூல் என்று பெயர். முறுக்கத்தை யூல் என்று எழுதக்கூடாது. வேலையில் தூரம் விசையின் திசையில் எடுக்கப்படுகிறது, முறுக்கத்தில் விசைக்குச் செங்குத்தாக எடுக்கப்படுகிறது. முதலாவது வெறும் எண்ணளவு, இரண்டாவதுக்குத் திசை உண்டு, வலக்கை விரல்களைச் சுழற்சியின் பக்கம் மடக்கினால் பெருவிரல் காட்டுகிற பக்கம், அச்சின் வழியே. ஜப்பானிலிருந்து வருகிற பழைய வாகனங்களின் புத்தகங்களில் கிலோகிராம் மீற்றர் என்று இருக்கும், 9.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புத்தகத்தில் இறாத்தல் அடி, அதை 1.356ஆல் பெருக்க வேண்டும்.

அப்படியென்றால் முறுக்கத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. முறுக்கத்தை, திரும்பிய கோணத்தால் பெருக்கினால் வேலை வரும், கோணத்தை ஆரையனில் எடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆரையன் என்பதன் ஆங்கிலச் சொல்லான 'ரேடியன்' முதன்முதலில் அச்சில் வந்தது 1873 ஜூன் 5ஆம் திகதி, பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரியின் ஒரு பரீட்சை வினாத்தாளில். அந்த வினாத்தாளைத் தயாரித்தவரும் இதே ஜேம்ஸ் தொம்சன்தான். பதினொரு வருட இடைவெளியில் ஒரே மனிதரிடமிருந்து வந்த இரண்டு சொற்கள் ஒரே சமன்பாட்டின் பெருக்கலில் சந்திக்கின்றன: ஒரு மோட்டர் தண்டு 100 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தோடு ஒரு முழுச் சுற்றுத் திரும்பினால் கோணம் 2π ஆரையன், செய்த வேலை ஏறக்குறைய 628 யூல்.